எடையைக் குறைக்க வேண்டிய இடம்

அமெரிக்கச் சாலைகளில் டூரிங் பைக் ஓட்டும் தமிழ் நண்பர்களுக்கு,

பனி உருகி, பைக்கின் மேல் போட்டிருந்த உறையை எடுத்ததுமே உங்களுக்கு இரண்டு ஆசைகள் வந்துவிடுகின்றன. புளூ ரிட்ஜ் பார்க்வேயின் 469 மைலையும் இந்தக் கோடையில் முழுசாக ஓட்டிவிட வேண்டும். அதற்குக் கூடாரம், அடுப்பு, ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி என்று சகலத்தையும் ஏற்றிக்கொள்ள ஒரு குட்டி டிரெய்லர் வேண்டும். அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். அலுமினிய ஹிட்ச் தாங்குமா? டைட்டானியம் போல்ட் போட்டால் எவ்வளவு மிச்சம்? சங்கிலிக்குப் பதில் கயிறு போதாதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி விஷயம் ஒருவருக்கும் மீதி இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் இந்த முறை எல்லோருக்குமாக ஒரே மடல்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஹிட்ச்சில் எடை குறைக்க நினைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் பலர் குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்துவிட்டு, தாராளமாகக் குறைக்கக்கூடிய இடத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஹிட்ச் பந்தைத் தாங்கும் கம்பியில் குறையுங்கள், தகட்டில் குறையுங்கள், ஏற்றும் சாமானில் இன்னும் நன்றாகக் குறையுங்கள். பின், போல்ட், பந்து, சங்கிலி நான்கிலும் கை வைக்காதீர்கள். அந்த நான்கும் சேர்ந்தே ஓரிரு கிலோதான் வரும். அதில் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹோண்டா கோல்ட்விங் கையேட்டைத் திறந்து பாருங்கள், டிரெய்லர் இழுக்காதீர்கள் என்றுதான் போட்டிருக்கும். ஹார்லி டேவிட்சன் கையேட்டிலும் அதே எச்சரிக்கை உண்டு. ஆனாலும் அமெரிக்காவில் கோல்ட்விங்குக்குப் பின்னால் டிரெய்லர் ஓடாத நெடுஞ்சாலை இல்லை. அதற்கென்றே ஹிட்ச் செய்து விற்கும் கம்பெனிகள் பல வருஷமாக நடக்கின்றன. தயாரிப்பாளர் 'வேண்டாம்' என்று சொல்லியிருப்பதன் அர்த்தம், இந்த விஷயத்தில் உங்களுக்கு உத்தரவாதம் தருபவர் யாரும் இல்லை என்பதே. இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கான்-ஆம் ஸ்பைடர் ஆர்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். அந்த மூன்று சக்கர வண்டிக்குக் கம்பெனியே 622 லிட்டர் கொள்ளளவில் ஒரு டிரெய்லர் விற்றது. அது சாயாத வண்டி என்பதால் கீழே நான் பந்தைக் கவ்வும் கப்ளர் பற்றிச் சொல்வதில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது.

இனி எடைக் கணக்கு. 2018-க்குப் பிறகு வந்த கோல்ட்விங் டூர் சுமார் 380 கிலோ. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 1,695 மில்லிமீட்டர். ஹிட்ச் பந்து பின் அச்சுக்கு 65 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தின் மேல் 15 கிலோ உட்கார்ந்தால், பின்சக்கரம் கூடுதலாகச் சுமப்பது 15 அல்ல, கிட்டத்தட்ட 21 கிலோ. அந்த உபரி 6 கிலோ முன்சக்கரத்திலிருந்து எடுக்கப்பட்டது. துலாக்கோலின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புகிற அதே கணக்கு. 6 கிலோ ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று தோன்றும். தனியாக ஓட்டும்போது உண்மைதான். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, அவருக்கும் பின்னால் டிரங்க் பெட்டி நிறைந்து, மலைப்பாதையில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது இவை எல்லாமே ஒரே திசையில் கூடுகின்றன. கைப்பிடி லேசாகிப்போகும். அந்த உணர்வு ஒருமுறை வந்துவிட்டால், ஏன் எடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம் என்று புரிந்துவிடும்.

இப்போது இதே கணக்கை ஹிட்ச்சுக்குப் போட்டுப் பாருங்கள். கனமான இரும்பு ஹிட்ச்சுக்குப் பதிலாக 4 கிலோ குறைந்த ஒன்றை வாங்கிவிட்டீர்கள். அதன் எடை சராசரியாகப் பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது என்றால், முன்சக்கரத்துக்குத் திரும்பக் கிடைப்பது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. டிரெய்லரின் மூக்கில் வைத்திருக்கும் 10 கிலோ ஐஸ்பெட்டியை ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டர், பின்னால் நகர்த்தினாலோ? கப்ளரிலிருந்து டிரெய்லர் அச்சு 1.8 மீட்டரில் இருந்தால் பந்தின் மேல் அழுத்தம் இரண்டரைக் கிலோ குறையும். இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.

அதற்காக ஐஸ்பெட்டியைக் கடைசிவரை தள்ளிவிடாதீர்கள். ஊரில் மாட்டுவண்டியில் நெல்மூட்டை ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும்; பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடைசி மூட்டையை எங்கே போடுவது என்று முடிவு செய்வார். பைக் டிரெய்லரிலும் முன்பாரம் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும். சாமானோடு சேர்ந்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் உட்கார வேண்டும் என்பது பொதுவான அளவு. 150 கிலோ டிரெய்லர் என்றால் 15 முதல் 22 கிலோ. பின்பாரமானால் வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். நாற்பது மைலில் தெரியாதது அறுபதைத் தாண்டும்போது தெரியும். அப்போது பிரேக்கை அழுத்தினால் இன்னும் மோசமாகும்.

அளக்க ஒரு பாத்ரூம் தராசு போதும். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதன் தலையில் கப்ளரை உட்கார வையுங்கள். மரத்துண்டின் உயரம் முக்கியம். பைக்கில் மாட்டியிருக்கும்போது கப்ளர் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இருக்க வேண்டும். மூக்கு தாழ்ந்திருந்தால் தராசு ஒரு எண் காட்டும், நிமிர்ந்திருந்தால் வேறு எண் காட்டும். கூடாரம் நனைந்து திரும்பும் நாளில் எடை மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, அப்படியென்றால் இலகுவான ஹிட்ச் வாங்குவதில் அர்த்தமே இல்லையா? இருக்கிறது. பைக்கின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்; மொத்த எடை வரம்பும், ஒவ்வொரு அச்சுக்குமான வரம்பும் அதில் இருக்கும். இரண்டு பேர், பெட்டிகள், முன்பாரம் எல்லாம் சேர்ந்தால் பின் அச்சின் வரம்பை நெருங்குவது ரொம்பச் சுலபம். அங்கே 4 கிலோ என்பது நல்ல காசு. போதாததற்கு, ஹிட்ச் சட்டம் வருஷம் முழுக்க பைக்கிலேயே தொங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்துக் குதித்து, தன்னைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தானே தளர்த்துகிறது. அதனால் நான் முதலில் பார்ப்பது, பந்து தாங்கும் கம்பியைத் தனியாக உருவி எடுக்க முடிகிறதா என்பதைத்தான். டிரெய்லர் இல்லாத நாளில் கம்பியை உருவி கராஜில் வைத்துவிட்டால் பைக்கில் மிஞ்சுவது சட்டம் மட்டும். நம்பர் பிளேட்டும் மறையாது, பார்க்கிங்கில் யாருடைய முழங்காலும் உடையாது.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பைக் ஹிட்ச்சுகளில் அதிகம் வருவது ஒன்றேகால் அங்குலச் சதுரம். ஓரடி நீளத்துக்கு அது கெட்டி இரும்பாக இருந்தால் எடை 2.4 கிலோ. அதே அளவு இரும்புக் குழாய், சுவர் கனம் ⅛ அங்குலம் என்றால் 870 கிராம். எடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது; ஆனால் வளைக்கும் விசையைத் தாங்கும் திறன் பத்துக்கு ஆறு பங்கு அப்படியே இருக்கிறது. நடுவில் இருக்கும் இரும்பு சுமை தாங்குவதில் பெரிதாக உதவுவதில்லை. வேலை செய்வதெல்லாம் வெளிப்பக்கம்தான். மூங்கில் வெற்றுக்குழாயாக நிற்பதும் இந்தத் தைரியத்தில்தான்.

இப்போது அதே கம்பியைக் கெட்டி அலுமினியத்தில், 6061-டி6 ரகத்தில் எடுத்தால் 830 கிராம். அதாவது இரும்புக் குழாயும் கெட்டி அலுமினியமும் எடையில் சமம். வளையாமல் தாங்கும் எல்லை இந்த அலுமினியத்துக்கு 276 மெகாபாஸ்கல், சாதாரண ஏ36 இரும்புக்கு 250. அப்படியானால் அலுமினியம்தானே ஜெயித்தது என்று கேட்பீர்கள். ஒருமுறை இழுத்து வளைக்கும் சோதனையில் ஜெயித்தது. ஆனால் சாலை ஒருமுறை இழுத்துவிட்டு விடுவதில்லை. ஒவ்வொரு மைலிலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தட்டல்கள். இரும்புக்கு ஓர் எல்லை உண்டு; அதற்குக் கீழான தட்டல் எத்தனை கோடி முறை விழுந்தாலும் சலிக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னத் தட்டலும் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். 6061-டி6-இன் சலிப்புத் திறனாகப் புத்தகங்கள் கொடுக்கும் 97 மெகாபாஸ்கல், 50 கோடிச் சுற்றுகளுக்கானது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு கம்பிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. விறைப்பில் மட்டும் இரும்புக் குழாய் ஒன்றரை மடங்குக்கும் மேலே.

பயந்துவிட வேண்டாம். 15 கிலோ முன்பாரம் பள்ளத்தில் மும்மடங்காகி 45 கிலோவாக அழுத்தினாலும், ஓரடிக் குழாயின் அடியில் எழும் அழுத்தம் 42 மெகாபாஸ்கல்தான். தாங்கும் எல்லையில் ஆறில் ஒரு பங்கு. கம்பியின் நடுப்பகுதி முறிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முறிவது பின் போடும் துளையின் ஓரத்தில், அல்லது வெல்டிங்கின் ஓரத்தில். துளையைச் சுற்றி அழுத்தம் இரண்டு மூன்று மடங்காகக் குவியும். வெல்டிங் இன்னும் பொல்லாதது. 6061-டி6-ஐ வெல்டு செய்தால், சூடு பட்ட பகுதியின் தாங்குதிறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த 'டி6' என்பதே உலையில் வைத்துப் பதப்படுத்தியதற்கான பெயர். வெல்டிங் தீ அந்தப் பதத்தைக் கலைத்துவிடும். மறுபடி உலையில் பதப்படுத்தினால் திரும்பும், ஆனால் தெருமுனைப் பட்டறையில் யாரும் அதைச் செய்வதில்லை.

ஆகவே என் தேர்வு இப்படி. வெல்டிங் இல்லாமல், ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்து, போல்ட்டில் பூட்டும் பாகமா? அலுமினியம் வாங்கலாம். குழாயும் தகடும் வெல்டு செய்து ஒட்டும் சட்டமா? மெல்லிய சுவர் இரும்புக் குழாயே மேல். "முழுவதும் அலுமினியம், கையால் வெல்டு செய்தது" என்று பெருமையாக விற்கும் சட்டத்தை, பதப்படுத்திய விவரம் எழுத்தில் இல்லாவிட்டால், நான் தொடமாட்டேன். அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில், குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பட்டால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவில் நைலான் வாஷரோ, ஆன்டி-சீஸ் பசையோ கட்டாயம்.

கம்பிக்கும் அது நுழையும் ரிசீவருக்கும் இடையே ஆட்டம் இருக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடை குறைந்த கம்பி லொடலொடவென்று ஆடினால், இரும்புப் பின் அலுமினியத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவில் இழுத்துவிடும். இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட் கிளாம்ப் ஒன்று சில டாலர்தான்.

அடுத்தது கப்ளர். காருக்கு டிரெய்லர் கட்டிப் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். கார் திரும்பும்போது சாய்வதில்லை, பைக் சாய்கிறது. சாதாரணக் கப்ளர் பந்தின் மேல் பக்கவாட்டில் ஓரளவுதான் சுழலும். அதற்கு மேல் சாய்ந்தால் கப்ளரின் உதடு பந்தின் கழுத்தில் இடிக்கும். டெயில் ஆஃப் தி டிராகன் சாலையில் 11 மைலில் 318 வளைவு. ஒரு வளைவில் நன்றாகச் சாய்ந்து, கப்ளர் இடித்து நின்றுவிட்டால், அதற்குமேல் பைக் சாய முயலும்போது டிரெய்லரையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும். டிரெய்லரோ பைக்கை நிமிர்த்தப் பார்க்கும். எதிர்த் தடத்தில் லாரி வரும் நேரத்தில் பைக் தானாக நிமிர்ந்தால் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் சாயும் பைக்குக்குச் சுழல் கப்ளர்தான் வேண்டும். கப்ளரின் வால், டிரெய்லர் கம்பிக்குள் ஒரு புஷ்ஷில் உட்கார்ந்து, நீளவாட்டில் முழு வட்டமும் சுற்றும். பைக் எவ்வளவு சாய்ந்தாலும் டிரெய்லர் தன்பாட்டுக்கு நிமிர்ந்து வரும். பைக் நின்ற இடத்தில் கவிழ்ந்தாலும் டிரெய்லர் கவிழாது. இது கோல்ட்விங்கைத் தூக்கி நிறுத்த முயன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். வாலின் முனையில் இருக்கும் நட்டு காட்டர் பின் போட்டுப் பூட்டியதாக இருக்க வேண்டும். வெறும் நைலான் நட்டு சுழலும் பாகத்துக்குப் போதாது. புஷ் வெண்கலமாக இருந்து, கிரீஸ் நிப்பிள் இருந்தால் நல்லது. கப்ளரைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் டக் என்ற சத்தம் வரக் கூடாது. சுற்றினால் வெண்ணெய் மாதிரி சுற்ற வேண்டும்.

எடை குறைப்பில் தீவிரமானவர்கள் பந்தையும் கப்ளரையும் தூக்கிப் போட்டுவிட்டு, ராட் எண்ட் எனப்படும் ஹைம் ஜாயின்ட்டைப் போடுகிறார்கள். உண்மையிலேயே இலகு, ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. செங்குத்துப் போல்ட்டில் மாட்டினால் இடம் வலமாக எவ்வளவும் திரும்பும். ஆனால் சாய்வுக் கோணம் அதில் மிகக் குறைவு. அதற்குத் தனியாக ஒரு சுழல் அமைப்பு வைத்தே ஆக வேண்டும். இன்னொரு பலவீனம், அதன் மரை போட்ட காம்பு. நேராக இழுத்தால் யானை பலம். பக்கவாட்டில் வளைத்தால் மரையின் அடியில் விரிசல் விடும். முன்பாரம் முழுவதையும் அந்தக் காம்பு வளைந்து தாங்கும்படி வைத்த அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கும். எனக்கு வேண்டாம்.

பந்தில் சொல்ல அதிகமில்லை. பைக் டிரெய்லர்களில் பெரும்பாலும் 1⅞ அங்குலப் பந்து. பந்திலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றா என்று கண்ணால் பாருங்கள். 2 அங்குலக் கப்ளர் 1⅞ பந்தின் மேல் சமர்த்தாக உட்காரும், பூட்டும் விழும், முதல் பெரிய பள்ளத்தில் எகிறிவிடும். முக்கால் அங்குலக் காம்புள்ள பந்துக்குத் தயாரிப்பாளர்கள் பலரும் சொல்லும் முறுக்கு 160 அடி-பவுண்டு. கைச் சாவியால் 'நல்லா இறுக்கிட்டேன்' என்பது அதில் பாதிகூட வராது. கம்பி அலுமினியம் என்றால் நட்டுக்கடியில் கெட்டியான, அகன்ற இரும்பு வாஷர் போடுங்கள். முதல் 50 மைல் ஓட்டியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

டைட்டானியம் போல்ட். இதைப் பற்றித்தான் உங்களிடமிருந்து அதிகக் கேள்விகள். ஒரு சாதாரண 8.8 தர எம்8 போல்ட் அறுந்துபோகக் கிட்டத்தட்ட 3 டன் இழுவிசை வேண்டும். பத்து எம்8 போல்ட்டையும் டைட்டானியமாக மாற்றினால் மிச்சமாகும் எடை நூறு கிராம்கூடத் தேறாது. காலையில் ஒரு காபியைக் குறைத்தால் அதைவிட அதிகம் மிச்சம். டைட்டானியம் மரைகள் பசை இல்லாமல் பூட்டினால் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு கழற்ற முடியாமலும் போகும். தலையில் தரம் பொறித்த இரும்புப் போல்ட், சரியான முறுக்கு, தளராமல் இருக்க லாக்டைட். போதும். ரிசீவர் பின்னும் அப்படியே. ஒன்றேகால் அங்குல ரிசீவருக்கு அரை அங்குலப் பின். உள்ளே துளையிட்டு இளைக்க வைத்த பின்களை யாராவது காட்டினால் பாராட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சங்கிலி விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு வாதம் சுற்றுகிறது. "டிரெய்லர் கழன்றால் கழன்று போகட்டும், சங்கிலி இருந்தால் பைக்கையும் சேர்த்து இழுத்துத் தள்ளிவிடும்" என்கிறார்கள். கேட்க நியாயம்போல் இருக்கும். அறுபது மைல் வேகத்தில் கழன்ற 150 கிலோ டிரெய்லர் எங்கே போகும் என்பதை அந்த வாதம் பேசுவதில்லை. எதிர்த் தடத்தில் வரும் காருக்குள் யாரோ ஒருவருடைய குழந்தை இருக்கிறது. சட்டமும் பெரும்பாலான மாநிலங்களில் சங்கிலியைக் கேட்கிறது. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ளத் தயாரில்லை.

சங்கிலியில் கை வைக்காதீர்கள் என்று முதலில் சொன்னேன்; ஆனால் பலத்தை விடாமல் எடை குறைக்க இங்கே நேர்மையான வழி இருக்கிறது. கிரேடு 30 சங்கிலி, 3/16 அங்குலத்தில், 800 பவுண்டு வேலைச் சுமைக்குத் தரப்பட்டது. 360 கிலோவுக்கும் மேல். பைக் டிரெய்லருக்குத் தாராளம். காருக்குப் போடும் கால் அங்குல, ⅜ அங்குலச் சங்கிலிகள் வீண் சுமை. கால் அங்குல விமானக் கேபிள், 7x19 பின்னல், கால்வனைஸ் செய்தது, 7,000 பவுண்டில்தான் அறும். ஐந்தில் ஒரு பங்கை வேலைச் சுமையாக எடுத்தாலும் 1,400 பவுண்டு. அது சங்கிலியைவிட லேசு, சத்தமும் இல்லை. இரண்டில் எதைப் போட்டாலும் இரண்டு வரிசை வேண்டும். கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். கப்ளர் கழன்றால் அது தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். நீளம், முழுதாகச் சாய்ந்து திரும்பும்போது இறுகாத அளவுக்கு இருக்கட்டும். நேராக நிற்கும்போது தார்ச்சாலையில் உரசாத அளவுக்கும் இருக்கட்டும். கொக்கியாக மலையேற்றக்காரர்களின் அலுமினியக் கேரபினரை மாட்டாதீர்கள். சுமை எண் பொறித்த இரும்பு குவிக்-லிங்க் கடையில் கிடைக்கிறது.

ஹிட்ச் சட்டம் பைக்கில் எங்கே பூட்டுகிறது என்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெட்டி தாங்கும் கம்பியிலோ பின் கார்டிலோ பூட்டும் எதையும் வாங்காதீர்கள். எவ்வளவு லேசாக இருந்தாலும் சரி. இழுவிசை முதன்மைச் சட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சில பைக்குகளுக்குப் பின் அச்சிலேயே இருபுறமும் பூட்டும் ஹிட்ச் கிடைக்கிறது. அது சக்கரத்தோடு சேர்ந்து எழும்பி இறங்கும், சஸ்பென்ஷனுக்குக் கூடுதல் வேலை. ஆனால் மெல்லிய பின்சட்டத்தைத் தொந்தரவு செய்யாது. 2001-க்குப் பிந்தைய கோல்ட்விங்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, பின்சக்கரத்தைப் பிடிப்பது ஒரு பக்கக் கைதான். அதற்கென்றே செய்த ஹிட்ச்சைத்தான் வாங்க வேண்டும். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று சொல்லப்படுவது எதற்கும் சரியாகப் பொருந்தாது.

லண்டனிலிருந்து இதைப் படிக்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் இதற்குச் சட்டமே அளவு போட்டிருக்கிறது. பைக் 125 சிசிக்கு மேல் இருக்க வேண்டும். டிரெய்லர் ஒரு மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. பைக்கின் பின் அச்சிலிருந்து டிரெய்லரின் கடைசி முனைவரை இரண்டரை மீட்டருக்குள். சாமானோடு எடை 150 கிலோ அல்லது பைக் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது குறைவோ அது. மோட்டார்வேயில் 60 மைல், ஒற்றைச் சாலையில் 50. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான இப்படி ஒரு கணக்கு இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே இருப்பவர்களும் பிரிட்டன்காரர்களின் அந்த 150 கிலோவைத் தங்கள் எல்லையாக வைத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

விளக்கு ஒயரிங்கைப் பற்றி ஒன்றே ஒன்று. பைக்கின் ஒயரில் நேரடியாகக் கடித்து இணைக்காமல், தனி ரிலே உள்ள ஐசொலேட்டர் போடுங்கள். வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. எர்த் ஒயரைப் பந்தின் வழியே போகட்டும் என்று விட்டுவிட்டால், மழை நாளில் விளக்கு கண் சிமிட்டும்.

கடைசியாக, பழைய ஹிட்ச் வாங்குவது பற்றி. புதிதின் பாதி விலைக்குக் கிடைக்கிறது, தப்பில்லை. புதிதாக பெயின்ட் அடித்தது என்றால் மட்டும் ஏன் அடித்தார் என்று கேளுங்கள். ஆட்டோ கடையிலோ வெல்டிங் கடையிலோ மூன்று டப்பா கிடைக்கும்: கழுவும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். வெல்டிங் ஓரத்திலும் பின் துளையைச் சுற்றியும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் கழுவி, சாயத்தை அடித்துப் பத்து நிமிஷம் விட்டு, நன்றாகத் துடைத்து, வெள்ளையைத் தூவுங்கள். விரிசலுக்குள் இறங்கிய சாயம் வெள்ளைக்கு மேல் மயிரிழைபோல் சிவப்பாகக் கசிந்து வரும். அப்படிக் கோடு தெரிந்தால் விலை பேச வேண்டாம். விற்பவருக்கும் அதைக் காட்டிவிட்டு வாருங்கள். அவர் அடுத்தவருக்கு அதை விற்காமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பட்டறை நண்பன்